வியாழக்கிழமை சாகவிருந்த தவசிலிங்கம்

இது நான் பார்த்த கதை இல்லை, கேட்ட கதை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்த விதை வியாபாரி ஒருவர் சொன்னார். அவருக்கு அவருடைய மைத்துனர் சொன்னாராம். மைத்துனர் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர். ஆகவே இதில் எங்காவது கூடக்குறைய இருந்தால் பாதிப் பொறுப்பு மைத்துனருக்கு.

ஓடைத்தாழம்பட்டியில் தவசிலிங்கம் என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஊரில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவருடைய நாற்காலிதான். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சிவப்புப் பெயின்ட்டில் ‘தவசி’ என்று எழுதியிருக்கும். வருஷம் முழுக்க ஊரே அவர் பெயர்மேல் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. சாய்ந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைப் படித்ததில்லை.

அதுதான் அவருடைய வியாதி. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு ஒரு நிமிஷமாவது நிற்க வேண்டும். நிற்காது. தெருவில் யாராவது சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று பயம் வரும். விசாரிப்பார். தன்னைப் பார்த்து இல்லை என்று தெரிந்தால் அதைவிடப் பெரிய வருத்தம் வரும்.

போன வருஷம் தன் பிறந்தநாளுக்குத் தானே ஃப்ளெக்ஸ் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் புலி, ஒரு பக்கம் உதயசூரியன் மாதிரி ஒரு வெளிச்சம், நடுவில் இவர். மூன்றாம் நாள் ஃப்ளெக்ஸைக் காணவில்லை. தேடிப் போனால் ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்தது. முகம் கீழ்ப்பக்கம். கோழிகளாவது பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தார்.

அவருக்கு நற்பணி மன்றம்கூட உண்டு. தலைவர் ஒச்சப்பன், செயலாளர் குருவையா, பொருளாளர் சோலைராசு. உறுப்பினர் என்று யாரும் கிடையாது. மூன்று பேரும் அண்ணன் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். சொன்ன சொல்லுக்கு வெளியே ஓர் அடியும் வைக்க மாட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில், “மழை வந்தா நாற்காலி நனையக் கூடாதுடா” என்று சொல்லிவிட்டுப் போனார் தவசிலிங்கம். பந்தி முடிந்து எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தூறல் விழுந்தது. மூன்று பேரும் பாய்ந்து ஒவ்வொரு நாற்காலியாக உருவி வீட்டுக்குள் அடுக்கிவிட்டார்கள். நாற்காலிகள் காய்ந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் வெளியே நனைந்துகொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மாவுமில் வேலாண்டி செத்தார்.

உயிரோடு இருந்தவரை வேலாண்டியிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அரைக்கக் கொண்டுபோன மிளகாயில் ஒரு பிடி அவர் வீட்டுக்குப் போய்விடும். கேட்டால் வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். அப்பேர்ப்பட்டவர் செத்த மறுநாள், பஸ் நிறுத்தத்திலிருந்து ஊர் எல்லைவரை ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர். நின்று படித்தவர்கள், “என்ன மாதிரி மனுசன்யா” என்று உச்சுக்கொட்டினார்கள். தப்புச்செட்டு, சங்கு, வெடி, பூப்பல்லக்கு. தவசிலிங்கத்தின் நாற்காலி அத்தனையும் போயும் பாதிப் பேர் நின்றார்கள்.

தவசிலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. மன்றத்தைக் கூட்டினார்.

“டேய், மொளகாத் திருடனுக்கு இம்புட்டுக் கூட்டமா? வேலாண்டிக்கு ஊரு என்னென்ன செஞ்சுச்சோ, அம்புட்டும் எனக்கு நடக்கணும். ஒண்ணு கொறையக் கூடாது” என்று கத்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

மன்றம் ஆலோசனையில் இறங்கியது.

“மொதல்ல போஸ்டர். அப்புறம் தப்பு, வெடி, பல்லக்கு” என்றார் ஒச்சப்பன்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கேப்பா. வேலாண்டி செத்தாருல்ல?” என்றார் குருவையா.

சோலைராசு விளக்கம் கொடுத்தார். “சாகுறது வேலாண்டி சொந்தமா செஞ்சுக்கிட்டது. ஊரு செஞ்சது மட்டும்தான் நம்ம வேலை.”

“அப்ப அது அண்ணன் பொறுப்பு” என்றார் குருவையா.

“ஆமா. அதுல நாம தலையிடக் கூடாது.”

“நேரத்துக்குச் செய்வாரா?”

“அண்ணன் எதையுமே கடைசி நேரத்துல முடிச்சிருவாரு” என்று ஒச்சப்பன் சொன்னதும் தீர்மானம் நிறைவேறியது.

அச்சகத்தில் தோற்றம் எழுதிக்கொண்டார்கள். மறைவு என்றைக்கு என்று கேட்டார்கள். குருவையா விரல்விட்டு எண்ணினார். “செவ்வாய் சந்தை. புதன் எனக்குக் கண்ணாஸ்பத்திரி. வெள்ளி ஆகாது, சனம் வராது. வர்ற வியாழன் போடுங்க.”

அச்சகக்காரருக்குச் சந்தோஷம். “எல்லாரும் செத்தப்புறம் ஓடிவந்து உடனே வேணும்னு உசுர வாங்குறாக. நீங்கதான்ப்பா மொறையா முன்கூட்டியே வந்திருக்கீக” என்றார்.

திங்கட்கிழமை காலை டீ குடிக்கக் கிளம்பிய தவசிலிங்கம், டீக்கடைச் சுவரில் தன் முகத்தைப் பார்த்தார். கைகூப்பிய படம். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே வியாழக்கிழமை தேதி, பகல் பன்னிரண்டு மணிக்கு இறுதி ஊர்வலம். அவருக்கு ரத்தம் கொதித்தது. கிழித்தெறியக் கையை ஓங்கிக்கொண்டு போனார். போஸ்டருக்கு முன்னால் ஊர்க்காரர்கள் மூன்று பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

“பாவம்யா. வியாழக்கெழமையாம்.”

“நல்ல மனுசன். ஒருத்தர் வம்புக்குப் போனதில்ல.”

“நம்ம உக்காந்த நாக்காலியெல்லாம் இவரு நாக்காலிதானாமே?”

ஓங்கின கை தானாக இறங்கியது. தொண்டையைச் செருமினார். மூன்று பேரும் திரும்பினார்கள். “அண்ணே, நீங்களா! வாங்கண்ணே, உக்காருங்கண்ணே” என்று ஒருவர் தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார். நாற்பத்தாறு வருஷத்தில் யாரும் அவருக்கு இடம் துடைத்துக் கொடுத்ததில்லை.

அதன் பிறகு அவர் கிழிக்கவில்லை.

அந்த மூன்று நாளும் ஓடைத்தாழம்பட்டியில் அவரைப்போல ஒரு பிரமுகர் இல்லை. டீக்கடைக்குள் கால் வைத்தால் பேச்சு நின்றது. “சீனி தூக்கலாப் போடுறேண்ணே, இனிமே உங்களுக்கு என்ன” என்றார் கடைக்காரர். சலூனில் வெந்நீர் வைத்துச் சவரம் செய்தார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பெண் தர மாட்டேன் என்று சொன்ன வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் வந்தது. இவ்வளவு அன்பான ஊரில், உடம்புக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றும் யாரும் சொல்லவில்லை. போஸ்டரில் போட்ட பிறகு அதைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது?

புதன்கிழமை சாயங்காலம்தான் அவருக்கு மறுநாளைப்பற்றிய நினைப்பு வந்தது. மன்றத்தைக் கூப்பிட்டார்.

“டேய், நாளைக்கு நான் சாகலைன்னா என்னடா ஆகும்?”



“போஸ்டர் பொய்யாப் போகும்ண்ணே” என்றார் ஒச்சப்பன்.

“பணியாரத்தைத் திருப்பிக் கேப்பாக” என்றார் சோலைராசு. பணியாரத்தில் பாதி அவர் வயிற்றில் இருந்தது.

தவசிலிங்கம் வியாழக்கிழமையைப்பற்றி அவ்வளவாகப் பயப்படவில்லை. அவருக்கு வெள்ளிக்கிழமையைப்பற்றித்தான் பயம். வெள்ளிக்கிழமை காலை டீக்கடைக்குப் போவார். பேச்சு நிற்காது. அந்தக் காட்சி கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. செத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். செத்தால் கூட்டத்தைப் பார்க்க முடியாதே என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்தது. பதினோரு மணிக்கெல்லாம் வாசல் கொள்ளாத கூட்டம். தவசிலிங்கம் வெள்ளை வேட்டி சட்டையில் வாசலிலேயே நின்று, “வாங்க, வாங்க” என்று எல்லாரையும் வரவேற்றார். வந்தவர்கள் அவருக்கே மாலை போட்டுவிட்டு அவரிடமே துக்கம் விசாரித்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். தன்னைப்பற்றி என்ன சொல்லி அழுகிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டார். “வேலாண்டி அண்ணே, உன்ன மாதிரி வருமா” என்று அழுதுகொண்டிருந்தார்கள். போன வாரம் அழுத பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

“என்னப்பா, இன்னும் எம்புட்டு நேரம்?” என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்.

“பன்னெண்டுன்னு போட்டா பன்னெண்டுக்கு நடக்க வேணாமா? வேலாண்டி இப்படியா இழுத்தடிச்சாரு?” என்றார் இன்னொருவர்.

இரண்டு பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து ஒரு வரிசையே எழுந்தது. காலியான நாற்காலிகளின் முதுகில் தன் பெயர் தெரிந்ததும் தவசிலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “பல்லக்கைக் கொண்டாங்கடா!” என்று கூவினார்.

“அண்ணே, இன்னும் நீங்க…” என்று இழுத்தார் ஒச்சப்பன்.

குருவையா தலையிட்டார். “போஸ்டர்ல இறுதி ஊர்வலம்னுதான் இருக்கு. யாரைத் தூக்கணும்னு இருக்கு, எந்த நெலமையில தூக்கணும்னு இல்ல.”

தவசிலிங்கம் தானே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்தவர்கள் எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். தப்பு முழங்கியது, வெடி வெடித்தது. அவர் இரண்டு பக்கமும் கையசைத்தபடி போனார். “செத்தவன் மாதிரி இருய்யா, பாக்குறவுக என்ன நெனைப்பாக?” என்று அதட்டினார் அந்தப் பெரியவர். தவசிலிங்கம் கையை மடக்கிக்கொண்டார். கண்ணை மட்டும் மூடவில்லை.

சுடுகாட்டில் மன்றம் மறுபடி கூடியது.

“வேலாண்டியை எரிச்சாக. ஒண்ணு கொறையக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரு” என்றார் ஒச்சப்பன்.

“டேய்!” என்றார் தவசிலிங்கம்.

கூட்டம் ஆவலாக ஓர் அடி முன்னால் வந்தது. நல்லவேளையாகச் சுடுகாட்டுக் காவலர் குறுக்கே வந்து, “டாக்டர் சீட்டு இருக்கா?” என்றார். இல்லை. “சீட்டு இல்லாம ஒரு வெறகு வைக்க விட மாட்டேன். செத்தாரா, உசுரோட இருக்காரான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கறாராகச் சொல்லிவிட்டார். பல்லக்கிலிருந்து தவசிலிங்கம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எரிப்பதைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. ஒச்சப்பன் தண்ணீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றினார். சுற்றுக்கு ஒன்றாக மூன்று ஓட்டை போட வேண்டும். வேலை மிச்சமாகட்டும் என்று அவர் வீட்டிலேயே மூன்றையும் போட்டுவிட்டதால், காலிக்குடம்தான் சுற்றியது. அதையும் உடைத்தார்கள். சுடுகாட்டை விட்டுக் கிளம்பினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஓடைத்தாழம்பட்டியில் ரொம்பக் கண்டிப்பு. “திரும்பாம நடங்கப்பா” என்று குரல் வந்ததும் மொத்தக் கூட்டமும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தது.

தவசிலிங்கம் பல்லக்கில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“ஏய், ஒச்சப்பா!”

ஒச்சப்பன் திரும்பவில்லை. நடையைக் கூட்டினார்.

“யாராச்சும் என்னையப் பாருங்கப்பா!”

ஒரு தலை அசையவில்லை. மூன்று நாள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஊர், இப்போது வரிசை வரிசையாகப் பிடரிகளாகப் போய்க்கொண்டிருந்தது. அவரால் தாங்க முடியவில்லை. பல்லக்கிலிருந்து குதித்தார். மாலையோடு ஓடினார். எல்லாரையும் தாண்டி முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, இப்போதாவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

கூட்டம் அப்படியே நின்றது.

“போச்சு! சுடுகாட்டுல இருந்து வரும்போது திரும்பிப் பாத்துட்டாரு” என்று தலையில் கை வைத்தார் பெரியவர்.

“நாங்க பாக்கலைங்க, அண்ணன்தான் பாத்தாரு” என்றார் சோலைராசு.

“யாரு பாத்தா என்ன? மொறை தப்பிருச்சுல்ல?”

மன்றம் நடுரோட்டில் நின்றபடியே யோசித்தது. கடைசியில் குருவையா தீர்ப்புச் சொன்னார். “மறுபடியும் மொதல்ல இருந்து கொண்டுபோயிட்டு வர வேண்டியதுதான்.”

தவசிலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “எல்லாரும் மறுபடி வருவாகளாடா?”

“பல்லக்கு போனா கூட்டம் போய்த்தானே ஆகணும்ண்ணே.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லக்கு இருந்த இடத்துக்குத் தானே ஓடினார்.

“இந்தத் தடவை திரும்பிப் பாக்கக் கூடாதுண்ணே” என்று கத்தினார் ஒச்சப்பன்.

“சத்தியமாப் பாக்க மாட்டேன்டா.”

விதை வியாபாரி கதையை இந்த இடத்தில்தான் முடித்தார். இரண்டாவது தடவை தவசிலிங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றும், எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள் என்றும் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது சுடுகாட்டுக் காவலரையே பார்த்துக் கேட்டேன். அவர் கதையில் மற்ற எதையும் மறுக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் திருத்தினார். அந்த ஆளை இரண்டு தடவை இல்லையாம், அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை கொண்டுவந்தார்களாம். மூன்றாவது தடவைதான் நல்ல கூட்டமாம்.