கலைக்கூடத்து நாற்காலி

ஒரு தேக்கு நாற்காலியை வைத்து மூன்று பேருக்கு வழக்கு வந்த கதை இது. கேட்கிறவர்கள் சின்ன விஷயங்களையும் காதில் போட்டு வையுங்கள். கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

நெல்லைச் சீமையில் ஒரு பல்கலைக்கழகம், அதில் ஒரு கலைக்கூடம். ஒரே ஹால்தான். ஒரு மாதம் ஓவியம், ஒரு மாதம் புகைப்படம், ஒரு மாதம் மாணவர் கைவேலை என்று கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும். மாதம் முடிந்தால் எல்லாவற்றையும் கழற்றி, ஆணி ஓட்டைகளை அடைத்து, வெள்ளை அடித்து, அடுத்ததை மாட்ட வேண்டும். இருபது வருடமாக இதைச் செய்கிறவள் இசக்கியம்மாள். நல்ல மனசுக்காரி, ஆனால் மூக்குக்கு மேலே கோபம்.

வருடத்தில் ஒரே ஒரு படைப்புக்கு மட்டும் அந்தக் கூடத்தில் நிரந்தர இடம் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்க நடுவரும் இல்லை, ஓட்டுப்பெட்டியும் இல்லை. ஹாலில் கிடக்கும் ஒற்றை நாற்காலிதான் எல்லாம். வருகிறவர்கள் பிடித்த படைப்பின் முன்னால் அதைப் போட்டு உட்காரலாம். ஊழியர்கள் அதைத் தொடவே கூடாது; விட்ட இடத்தில் அப்படியே கிடக்கும். மாலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டும்போது அது எதன் முன்னால் நிற்கிறது என்று இசக்கியம்மாள் நோட்டில் எழுதுவாள். மக்கள் மனசுக்குப் பிடித்தது எது என்று இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

நாற்காலியோ நல்ல கனம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால் எல்லாரும் தரதரவென்று இழுப்பார்கள். சிவப்பு சிமெண்ட் தரை கீறிப்போகும். அந்த நவம்பர் மழையில் வடக்கு மூலைவரைக்கும் கோடு கோடாகக் கீறல். "தூக்கிட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்! உங்க வீட்டுத் தரைன்னா இப்படி இழுப்பியளா?" என்று அவள் கத்தாத நாள் இல்லை. நனைந்த சேலையோடு வந்தவர்கள் மறுநாளும் இழுத்துப் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கடைசியில் அவளே இயக்குநரிடம் போய், தரைக்குப் பாலிஷ் போட்டே ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

டிசம்பரில் முடிவு சொல்லும் நாள். ஹாலிலேயே மேஜை போட்டு, இயக்குநர் பரசுராமன் நோட்டைத் திறந்தார். பக்கத்தில் இசக்கியம்மாள், எதிரே மூன்று பேர்.

முதலாமவர் ஓவியர் ரங்கபாஷ்யம். மே மாதம் அவருடைய வெள்ளைக் குதிரை ஓவியத்தின் முன்னால் நாற்காலி இருபத்தேழு நாள் நின்றது, ஒரு நாள் விடாமல். அப்போது பல்கலைக்கழகத்துக்குக் கோடை விடுமுறை. வருகைப் பதிவேட்டில் அந்த மாதத்துக்கு ஏழு கையெழுத்து.

அடுத்தவர் புகைப்படக்காரர் ஆரோக்கியசாமி. ஜனவரியில் அவருடைய உப்பளப் படத்தின் முன்னால் பதினாறு நாள். கூட்டத்துக்குக் குறைவில்லை. படத்துக்கு அடியில்தான் அந்த ஹாலின் ஒரே ப்ளக் பாயிண்ட். உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது மெஹருன்னிசா, நுண்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. கிழிந்த குடைத் துணிகளை ஒட்டுப்போட்டு, வெள்ளம் அடித்துக்கொண்டு போன தன் தெருவைத் தைத்திருந்தாள். நாற்பத்தொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர்களின் பெயர் நூலில். அந்தத் தெரு இப்போது அந்தத் துணியில் மட்டும்தான் இருக்கிறது. அதை வடக்கு மூலையில் மாட்டியிருந்தார்கள். நவம்பர் நோட்டு இப்படிப் போகிறது: துணி, ஜன்னல், துணி, வாசல், துணி, தூண், துணி. எண்ணிப் பார்த்தால் துணிக்குப் பதிமூன்று நாள்.

"சந்தேகமே இல்ல, குதிரைக்குத்தான். இருபத்தேழு நாள்!" என்றார் பரசுராமன்.

"லீவுல யாருங்க வந்தா? மே மாசத்தத் தள்ளுங்க. அடுத்தது நான்தான்" என்று ஆரோக்கியசாமி எகிறினார். ரங்கபாஷ்யம் மேஜையைத் தட்டினார். இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள்.

மெஹருன்னிசா மேஜையில் விரித்து வைத்திருந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். "விடுங்கக்கா. ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிடுதேன்."

இசக்கியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வயசுப் பிள்ளை ஒரு தெருவையே மடித்துக் கட்டிலுக்கு அடியில் திணிக்கப்போகிறது, பெரிய மனிதர்கள் இரண்டு பேர் எண்ணிக்கைக்கு அடித்துக்கொள்கிறார்கள். பரசுராமன் அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "நீ கேட்ட பாலிஷுக்கு நாளைக்கு ஆள் வருது" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள். முகம் மாறிப்போனது.

"பாலிஷ் மெஷின் உள்ள வந்துச்சுன்னா நான் குறுக்க படுத்துருவேன் சார்! ஏறிப் போகச் சொல்லுங்க!"

அந்த இடம் யாருக்குச் சேர வேண்டும்? பாலிஷ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவளே ஏன் குறுக்கே படுப்பேன் என்கிறாள்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: இடம் மெஹருன்னிசாவுக்குத்தான். விடுமுறையில் வந்த ஏழு பேரில் யாரோ ஒருவர் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து போனார். அப்புறம் யாரும் தொடாமல் நாற்காலி இருபத்தேழு நாள் அங்கேயே கிடந்தது. பதினாறு நாள் உட்கார்ந்தவர்கள் போனுக்குச் சார்ஜ் ஏற்ற உட்கார்ந்தவர்கள். துணியின் முன்னாலிருந்தோ நாற்காலியை அடுத்தடுத்து வேறு ஆட்கள் கொண்டுபோனார்கள். பதிமூன்று தடவையும் யாரோ அதைத் திரும்ப இழுத்து வந்தார்கள். அதற்குச் சாட்சி அந்தக் கீறல்கள். சாட்சியை அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் தானே என்று புரிந்ததும்தான் இசக்கியம்மாளின் கோபம் தன் மேலேயே திரும்பியது. இழுத்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள். மழைக்குள் நடந்து வந்து அந்தத் துணியில் தங்கள் வீடு எது என்று தேடி உட்கார்ந்தவர்களைத்தான், உங்கள் வீட்டுத் தரை என்றால் இப்படி இழுப்பீர்களா என்று அவள் கேட்டிருக்கிறாள்.