நல்லசிவம் கணக்கை மறந்த வாரம்

கோணக்குடி கலைக் கல்லூரியின் கணிதத் துறையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருமே மகா கெட்டிக்காரர்கள் என்று அந்த நான்கு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொள்வார்கள். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

துறைத் தலைவர் நல்லசிவத்துக்கு அந்த வருஷம் தூக்கமே இல்லை. துறையில் சேர்ந்தவர்கள் மொத்தம் மூன்று மாணவர்கள். முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "பெரிய திட்டம் ஏதாவது பிடிச்சுட்டு வாங்க சார். இல்லேன்னா துறையை மூடிட்டு, உங்க மாடி அறையை விலங்கியலுக்குக் கொடுத்துடுவேன். பாவம், எலும்புக்கூடு வைக்க இடமில்லாம தவிக்கிறாங்க." இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த அறை அது.

அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே ஆறு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, இணையத்தில் கணிதம் கற்பிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தன. கோணக்குடியையும் சேர்த்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமை காணொலிக் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். ஒருங்கிணைப்பாளர் ஹெல்கா அம்மையார் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார்: "முதல் பாடம் புரிகிறதா என்று தெரிய வேண்டும். கணிதமே தெரியாத ஒருவராக இருந்து அதைப் பார்க்க, உங்கள் துறையில் ஒருவரை நியமியுங்கள்."

நான்கு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"நம்ம துறையில கணக்குத் தெரியாதவங்க யாரு?" என்றார் நல்லசிவம்.

"அப்படி யாரும் இல்லையே சார்," என்றார் சூசைராஜ், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அப்போ ஒருத்தர் மறந்துட வேண்டியதுதான்," என்றார் காஜா மொய்தீன்.

யார் மறப்பது என்பதில் சச்சரவே வரவில்லை. அங்கயற்கண்ணி மேடம் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எதுவா இருந்தாலும் சீனியாரிட்டிதானே சார். உங்களைத் தாண்டி நாங்க மறந்தா நல்லா இருக்காது."

நல்லசிவத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. திங்கட்கிழமை காலையே மறக்க ஆரம்பித்தார்.

வாய்ப்பாட்டை மேலிருந்து கீழே சொல்லித்தான் படித்தோம், கீழிருந்து மேலே சொன்னால் அழிந்துவிடும் என்றார் சூசைராஜ். நல்லசிவம் பதினாறாம் வாய்ப்பாட்டை நாள் முழுக்கத் தலைகீழாகச் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காஜா மொய்தீன் குறை கண்டுபிடித்தார். "எதை எதை மறக்கணும்னே தெரியாம மறந்தா எப்படி சார்? விட்டுப்போயிடாதா? ஒரு பட்டியல் போடுவோம்."

நானூற்றுப் பன்னிரண்டு இனங்களோடு பட்டியல் தயாரானது. மறக்கும்போது ஒன்றும் தவறிவிடக் கூடாதே என்று நல்லசிவம் அதை மனப்பாடம் செய்தார். அதில் பாதியை அவர் கல்லூரி முடித்த கையோடு மறந்திருந்தார். ஏற்கெனவே மறந்ததை எப்படி மறப்பது? பழைய புத்தகங்களைத் தூசி தட்டி முதலில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். புதன்கிழமை இரவுக்குள், ஆயுளில் ஒருநாளும் தெரிந்திராத அளவுக்கு அவருக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது.

"போச்சு, அறை போச்சு," என்று வியாழக்கிழமை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அங்கயற்கண்ணி மேடம் அலுவலக நடைமுறையில் கரை கண்டவர். "எதுக்கு சார் இவ்வளவு சிரமம்? சுற்றறிக்கை விட்டுட்டாப் போதுமே," என்றார்.

அன்றே சுற்றறிக்கை தயாரானது. 'இன்று மாலை ஐந்து மணி முதல் துறைத் தலைவர் கணிதம் அறியாதவர் ஆகிறார்.' நல்லசிவமே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். முதல்வருக்குத் தகவலுக்காக ஒரு நகல் போனது. ஐந்து மணி அடித்ததும் அவருக்குத் தலை லேசானது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை, கீழ்த்தளத்தில் முதல்வர் அறையில் கூட்டம். திரையில் ஆறு நாடுகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"ஐந்தும் மூன்றும் எவ்வளவு?" என்று கேட்டார் ஹெல்கா.

எட்டு தொண்டை வரை வந்துவிட்டது. நல்லசிவம் சுற்றறிக்கையை நினைத்தார். கண்ணில் நீர் முட்ட, "தெரியாதுங்க அம்மா," என்றார்.

பாடம் ஓடியது. ஐந்து ஆப்பிளும் மூன்று ஆப்பிளும் ஒரு கூடைக்குள் விழுந்தன. ஹெல்கா மறுபடி கேட்டார்.

"எட்டு!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார் நல்லசிவம்.

ஆறு நாடுகளும் கைதட்டின. இவ்வளவு நேர்மையாகக் கற்பவரைத் தாங்கள் பார்த்ததே இல்லை, கோணக்குடி இனி நம்மோடுதான் என்றார் ஹெல்கா. "ஒரே ஒரு வேண்டுகோள். இது கூட்டல் பாடம். கழித்தல் பாடம் ஜூன் மாதம்தான் தயாராகும். அதுவரை அவருக்குக் கழித்தல் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

முதல்வர், மாடி அறையின் சாவியைக் கையில் கொடுத்தார். நல்லசிவம் சின்னப் பிள்ளைபோல ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டே மாடி ஏறினார். இருபத்துநாலு படி. அறையைத் திறந்து, தன் நாற்காலியைத் தொட்டுப் பார்த்து அழுதார்.

மாலையில் மணி அடித்தது. வீட்டுக்குப் போக மாடிப்படிக்கு வந்தவர், ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"என்ன சார்?" என்று கீழிருந்து கேட்டார் சூசைராஜ்.

"இருபத்துநாலுல இருக்கேன். ஒரு படி இறங்கினா எத்தனையாவது படி?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். அது கழித்தல்தான், சந்தேகமில்லை.

"ஜூன் வரைக்கும் மேலேயே இருந்துடுங்க சார்," என்றார் காஜா மொய்தீன்.

அன்றிலிருந்து நல்லசிவத்தின் மனைவி தங்கபுஷ்பம் வேளாவேளைக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவருகிறார். மூவரும் கயிறு கட்டி மேலே இழுக்கிறார்கள். காலி வாளியை மட்டும் யாரும் இறக்குவதில்லை. மார்ச் மாதம் வீட்டிலிருந்த கடைசிப் பாத்திரமும் மாடி ஏறிவிட்டது.

"ஒரே ஒரு வாளியாவது இறக்குங்களேன், ரசம் வைக்கப் பாத்திரம் இல்லைங்க!" என்று தங்கபுஷ்பம் கீழே நின்று கத்தினார்.

நல்லசிவம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, மிகப் பொறுமையாகச் சொன்னார்: "இங்க மொத்தம் நூத்தி இருபது பாத்திரம் இருக்கு புஷ்பம். ஒண்ணை எடுத்துட்டா மீதி எத்தனைன்னு யாராவது கேட்டா, நான் என்ன பதில் சொல்றது? நீ வேணும்னா இன்னும் ரெண்டு வாங்கி அனுப்பு. அதைச் சேர்த்து எண்ணிடுவேன்."