எல்லாருக்கும் ஒரே சுருதி

மலையடிவாரத்தில் ஒரு பாட்டுக் குருகுலம் இருந்தது. தையல்நாயகி அம்மாள் அங்கே குரு. பேச்சில் மகா சிக்கனம். அவருடைய மூத்த சீடர் உலகநாதன் அப்படியெல்லாம் சிக்கனம் பார்க்கிறவர் இல்லை. காதோரம் நரைத்த பிறகும் தன்னைச் சீடன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வருகிறவர்களைச் சேர்க்கும் பொறுப்பு அவருடையது.

தை பிறந்தால் போதும், வாசலில் கூட்டம் கூடிவிடும். ஆண்டுக்கு ஏழு பேருக்குத்தான் இடம். அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க நெடுங்காலமாக ஒரே வழிதான் இருந்தது. அது சிபாரிசு. பண்ணையார் அனுப்பிய பையன், கோயில் தர்மகர்த்தாவின் மச்சினன், மிராசுதாருக்கு வேண்டிய யாரோ. இவர்களுக்கெல்லாம் தாளம் தப்பினாலும் இடம் தப்பாது.

உலகநாதன் சிபாரிசு இல்லாமல் வந்தவர். எத்தனையோ தை மாதம் வெளியே நின்று, ஒருவழியாக உள்ளே வந்தவர். அந்தக் கசப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு நாள் அம்மாள் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, இந்த வருஷம் சிபாரிசே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பரீட்சை வெச்சிடலாம்."

"எப்படி?"

"நடுவிலே ஒரு திரை. பாடுறவங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். யார் வீட்டுப் பிள்ளை, என்ன உடுத்தியிருக்கு, எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே பிள்ளையார் பாட்டு. ஒரே தாளம். ஒரே சுருதி. ஊதுபத்தி பாதி எரியறதுக்குள்ளே பாடி முடிச்சிடணும்."

"எதை வெச்சு அளப்பே?"

"புளியங்கொட்டை. சுருதி சேர்ந்தா இத்தனை, தாளம் நின்னா இத்தனை, உருக்கம் இருந்தா இத்தனைன்னு ஆளுக்கொரு கொட்டாங்கச்சியிலே போட்டுக்கிட்டே வருவேன். கடைசியிலே எண்ணிப் பார்த்தா ஆச்சு."

"உருக்கத்துக்குமா கொட்டை?"

"அதுக்குக் கொஞ்சம் கூடவே வெச்சிருக்கேன்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"செய்" என்றார்.

உலகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. தாமே கயிறு கட்டினார், தாமே திரை தொங்கவிட்டார், புளியங்கொட்டைகளைக் கழுவி வெயிலில் காயவைத்தார். பரீட்சையன்று விடியும்போதே எழுந்து தம்புராவை மடியில் வைத்து, கை போன போக்கில் சுருதி சேர்த்தார். நாள் முழுக்க ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பரீட்சை ஜோராக நடந்தது. தர்மகர்த்தாவின் மச்சினன் தான் வந்திருப்பது தெரியட்டும் என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து பலமாகக் கனைத்தான். கனைப்புக்குக் கொட்டை கிடையாது. அவன் பாட்டுக்கும் அதிகம் தேறவில்லை. பனையேறியின் மகன் மருதன் பாடினான். உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டு கொட்டை கொட்டையாக அள்ளிப் போட்டார். யார் என்று பிறகு தெரிந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய நாளாக இருந்தால் அந்தப் பையன் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது.

சாயங்காலம், தேறிய ஏழு பேரையும் உலகநாதன் அம்மாள் முன்னால் உட்காரவைத்துச் சேர்ந்து பாடச் சொன்னார். ஏழு குரலும் பிசிறில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"எப்படி அம்மா?"

"நல்லா இருக்கு. ஒரே ஆள் பாடுற மாதிரி இருக்கு."

உலகநாதனுக்கு வாயெல்லாம் பல். பையன்கள் எழுந்து போனபிறகும் அந்தச் சொல்லை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேறாதவர்களும் மறுநாள் மதியம் விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது குருகுலத்து வழக்கம். அதனால் வந்தவர்கள் அத்தனை பேரும் அன்று இரவு அங்கேயே தங்கினார்கள். அவர்களில் ஒருத்தி அம்மாளைத் தேடி வந்தாள். பெயர் செங்கமலம். உப்பளத்தில் வேலை பார்த்தவள், வெயிலில் காய்ந்த முகம்.

"அம்மா, நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் போயிடுவேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டுப் போறேன்."

"கேளு."

"நான் பாடினது தப்பா, என் தொண்டை தப்பா?"

அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலகநாதனைப் பார்த்தார். உலகநாதனுக்கு ஞாபகம் இருந்தது. திரைக்குப் பின்னால் ஒரு பெண்குரல் அடியில் போனபோது காற்றாகிப் போயிற்று. மேலே தூக்கிப் பாடிப் பார்த்து அங்கேயும் கிறீச்சிட்டது. ஊதுபத்தி பாதி எரியும் முன்பே அது நின்றுவிட்டது. அவர் இரண்டோ மூன்றோ கொட்டைதான் போட்டிருந்தார்.

"வருத்தப்படாதேம்மா. அடுத்த வருஷம் வா" என்றார் அவர்.

"அடுத்த தைக்கு எனக்கு வயசு தாண்டிடும் ஐயா. இருபதுக்கு மேலே எடுக்கமாட்டீங்களாமே. இதுதான் எனக்குக் கடைசி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் உலகநாதனுக்குச் சமாதானம் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்போ பாடு" என்றார் அம்மாள்.

"எந்தச் சுருதியிலே?"

"உனக்கு எது வருமோ அதிலே."

செங்கமலம் பாடினாள். அதே பிள்ளையார் பாட்டுதான். சமையற்கட்டில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. உலகநாதன் மடியில் மிச்சமிருந்த புளியங்கொட்டைகளை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தபோது அவருடைய விரலும் நின்றது. இதற்கு எத்தனை கொட்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உடனே பயமும் வந்துவிட்டது.

"அம்மா, நல்லாத்தான் பாடுது. ஆனா இந்தப் பொண்ணுக்கு மட்டும் இன்னொரு தடவைன்னா, அது சிபாரிசு இல்லாம வேற என்ன? பண்ணையார் செஞ்சதை இப்போ நாம செய்யறோம்னு ஆகாதா?"

"ஆகும்."

உலகநாதன் மூச்சு விட்டார். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்ற நிம்மதி.

"நீ கொஞ்சம் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்" என்றார் அம்மாள்.

"நானா?"

"நீதான்."

உலகநாதன் போய் உட்கார்ந்தார். அம்மாள் தம்புராவை மடியில் சாய்த்து, தந்தியை முறுக்கும் பிருடைகளை மெல்லத் திருகினார். ஊதுபத்தி ஏற்றினார். புளியங்கொட்டைகளைச் செங்கமலத்தின் கையில் கொடுத்தார்.

"பாடு உலகநாதா."

தம்புராவின் ஒலி கேட்டதுமே உலகநாதனுக்குத் திக்கென்றது. அது செங்கமலம் பாடிய சுருதி. கீழே பாடினார், குரல் தரையில் உரசியது. மேலே ஏறினார், தொண்டை நரம்பு புடைத்தது. நடுவில் எங்கேயாவது ஒதுங்கலாம் என்று பார்த்தார், இடமே கிடைக்கவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஊதுபத்தி பாதி எரிவதற்குள் அவர் இருமிக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

கொட்டாங்கச்சியில் ஒரே ஒரு கொட்டை கிடந்தது.

"தாளம் நல்லா நின்னுச்சு ஐயா" என்றாள் செங்கமலம் மரியாதையாக.

உலகநாதன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் சுருதி இல்லையே அம்மா."

"காலையிலே வெச்சியே, அது யார் சுருதி?"

"அது பொதுச் சுருதி."

"யாருக்குப் பொது?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். விடியற்காலையில் தம்புராவை மடியில் போட்டுக்கொண்டு யாரைக் கேட்டார்? யாரையும் கேட்கவில்லை. தினமும் தனக்கு எப்படிச் சேர்த்துக்கொள்வாரோ அப்படியே சேர்த்து வைத்தார். சேர்ந்து பாடிய ஏழு பேரும் ஆண்கள். ஏழும் அவருடைய குரலைப் போன்ற குரல். ஒரே ஆள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று அம்மாள் சொன்னதற்கு அவர் அத்தனை சந்தோஷப்பட்டிருந்தார். இப்போது வெட்கமாக இருந்தது.

"ஆளுக்கொரு சுருதின்னா அப்புறம் அதை ஒரே பரீட்சைன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார்.

"பாட்டு ஒண்ணுதான். தாளம் ஒண்ணுதான். ஊதுபத்தியும் ஒண்ணுதான். தம்புராவை மட்டும் தூக்கித் திரைக்கு அந்தப் பக்கம் வெச்சுடு. அவங்கவங்க சேர்த்துக்கட்டும். சேர்க்கத் தெரியாதவங்களுக்கு நான் உட்கார்ந்து சேர்த்துத் தர்றேன்."

"சுருதியை வெச்சே ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுடுமே."

"குரலை வெச்சே தெரியுமே."

"அதுவும் சரிதான்."

"யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரியாதில்லே?"

"தெரியாது."

"அதுக்குத்தானே திரை போட்டே. அது நல்ல காரியம். அதைக் கழட்டாதே."

உலகநாதனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"அப்போ இந்தப் பொண்ணுக்கு மட்டும்..."

"எல்லாருக்கும்."

"அந்த ஏழு பேருக்கும் இடம் உண்டுன்னு சொல்லியாச்சே அம்மா!"

"நாமதானே சொன்னோம். நாமளே போய், தப்பா அளந்துட்டோம்னு சொல்லிடுவோம்."

மறுநாள் காலையில் உலகநாதன் எல்லாரையும் கூட்டி அதைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. விருந்து தாமதமாகும் என்று கேட்டுச் சமையற்காரர் முணுமுணுத்தார். மற்றபடி யாரும் சண்டைக்கு வரவில்லை. மருதன்தான் முதலில் போய் உட்கார்ந்தான்.

இந்தத் தடவை ஒவ்வொரு பாட்டும் ஒவ்வோர் இடத்திலிருந்து வந்தது. ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் தணிந்து வந்தது, இன்னொன்று கூரைக்கு மேலே ஏறி நின்றது. உலகநாதன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை விதமாகப் பிள்ளையாரைக் கூப்பிட முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. நடுவில் செங்கமலத்தின் குரல் அவருக்கு அடையாளம் தெரிந்தது. கை தானாக ஒரு கொட்டையைக் கூடுதலாக எடுத்தது. எடுத்த கொட்டையை அவர் மறுபடி மடியிலேயே போட்டுக்கொண்டார்.

எண்ணிப் பார்த்தபோது முன்பு தேறியவர்களில் இரண்டு பேர் பின்னால் போயிருந்தார்கள். இருவரும் அரும்பு மீசைப் பையன்கள். உலகநாதன் அவர்கள் தோளில் கைபோட்டு, அடுத்த தைக்குத் தவறாமல் வர வேண்டும் என்று சொல்லி, விருந்துக்கு அனுப்பினார். ஆறு பேர் யார் என்று தெளிவாகிவிட்டது. அவர்களில் இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

ஏழாவது இடத்தில்தான் சிக்கல். இரண்டு கொட்டாங்கச்சியிலும் சமமாகக் கொட்டைகள் இருந்தன. ஒன்று மருதனுடையது, இன்னொன்று செங்கமலத்தினுடையது.

உலகநாதன் மறுபடி எண்ணினார். சமையற்காரரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். கொட்டைகள் மாறவில்லை. இரண்டு கொட்டாங்கச்சிகளையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு அம்மாளிடம் போனார்.

"அம்மா, ரெண்டு பேருக்கும் சமமா இருக்கு."

"சந்தோஷம்."

"சந்தோஷந்தான். ஆனா இடம் ஒண்ணுதானே? பனையேறி மகன் இன்னிக்கு விட்டா மரத்துக்குத்தான் போவான், அவங்க அப்பாவாலே இனிமே ஏற முடியாதாம். இந்தப் பொண்ணுக்கு வயசு தாண்டிடும். யாரைப் பார்த்தாலும் மனசு கேக்கலை."

அம்மாள் இரண்டு கொட்டாங்கச்சிகளையும் வாங்கித் தரையில் வைத்தார்.

"இன்னொரு சின்னப் பரீட்சை வெச்சுப் பார்க்கலாமா? கொஞ்சம் கஷ்டமான பாட்டா கொடுப்போம். யாராவது ஒருத்தர் எங்கேயாவது தவறாமலா இருப்பாங்க?"

"தவறலேன்னா?"

"இன்னும் கஷ்டமா ஒண்ணு."

"தவறுற வரைக்கும் வெச்சுக்கிட்டே இருப்பியா?"

அந்தக் கேள்வி உலகநாதனுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் தெரியாததும் பிடிக்கவில்லை.

"உலகநாதா, ஏன் ஏழு?"

"எது அம்மா?"

"ஏழு பேர்தான்னு யார் சொன்னது?"

உலகநாதன் யோசித்தார். அம்மாளுக்கு முன்பிருந்த பெரிய குரு காலத்திலிருந்து ஏழுதான். அதற்கு முன்பும் ஏழுதான் என்று கேள்வி. சாஸ்திரம் ஏதாவது இருக்குமோ என்று மனத்துக்குள் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. கடைசியில் அவருக்குத் தோன்றிய காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

"புதுசா வர்றவங்களுக்குன்னு கயிற்றுக் கட்டில் ஏழுதான் இருக்கு அம்மா."

அம்மாள் தலையசைத்தார். வெளியே பந்தி போட்டுவிட்டார்கள். இலை விரிக்கும் சத்தமும் தண்ணீர் தெளிக்கும் சத்தமும் கேட்டன. வாசற்படியில் மருதனும் செங்கமலமும் ஒருவரையொருவர் பார்க்காமல், சாப்பிடவும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றார் உலகநாதன். "யாரைக் கூப்பிடட்டும்?"

"தச்சரைக் கூப்பிடு" என்றார் அம்மாள்.