சோற்றை விட்ட முதலாளி

காங்கேயத்தில் அரிசி மண்டி வைத்திருந்த அர்த்தனாரி முதலாளிக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர், மாவுச்சத்தை ஒதுக்கும் கீட்டோ சாப்பாட்டுக்கு மாறச் சொன்னார். வீட்டில் சோறும் இட்லியும் நின்றுபோயின. முட்டை, கறி, வெண்ணெய் என்று ஆனது. இதே சாப்பாட்டில் அவருடைய மச்சானுக்குப் பத்து கிலோ இறங்கி, சர்க்கரையும் அடங்கியிருந்தது. முதலாளிக்கோ இரண்டு மாதமாகியும் எதுவும் இறங்கவில்லை.

பழி சமையல்காரர் மாசிலாமணி மேல் விழுந்தது.

"குழம்புல அரிசிமாவு கலக்கறயாடா? நாளைக்குள்ள காரணம் சொல்லு. இல்லைன்னா வேலையை விட்டுக் கிளம்பு."

"சரிங்க முதலாளி. நாளைக்கு மண்டிக்கு நானும் வர்றனுங்க."

மறுநாள் மாசிலாமணி ஒரு சட்டியோடு முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். லாரி மேல் லாரி வந்தது. ஒவ்வொரு லோடிலும் முதலாளி ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மென்று தரம் சொன்னார். துப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் அள்ளியபோதெல்லாம் மாசிலாமணியும் அதே அளவு அள்ளிச் சட்டியில் போட்டார்.

மதியம் மண்டியிலேயே அதை வடித்து முதலாளியின் இலையில் கொட்டினார். சோறு இலையைத் தாண்டி வழிந்தது.

"இத்தனை சோறு யாருக்குடா?"

"காலையில நீங்க தின்னதுங்க. பச்சையாப் போனதை வேக வெச்சிருக்கறனுங்க, அவ்வளவுதான்."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்கள்.

அன்றிலிருந்து முதலாளி மென்றதைத் துப்பினார். மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. எல்லாம் தன் மன உறுதி என்று ஊரெல்லாம் சொன்னார். மாசிலாமணியை வேலையை விட்டு அனுப்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.