நாலாவது ஸ்லாட்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த இளவேனிலுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த செபத்தியானுக்கு ஐம்பத்தொன்பது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே வந்து சேர்ந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு புதன்கிழமை காலை அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மனைவி ரோஸ்மேரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும். ரோஸ்மேரி நாலு வருடம் தாமிரபரணிக் கரையில் தும்பிகளைப் படம் பிடித்தவர். அதைத் தொகுத்து ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. பழைய லேப்டாப் பாதியிலேயே நின்று நின்று போனது.

பெட்டியில் மற்ற பாகங்களோடு, மெமரிக்கான ரேம் பட்டைகள் நாலு இருந்தன. இரண்டு வருடம் முன்பு வாங்கியவை. இடையில் ரோஸ்மேரிக்குக் கண் ஆபரேஷன் வர, அப்படியே பீரோவில் தங்கிவிட்டன.

"முதல்ல இதைச் சோதிங்க" என்றாள் இளவேனில்.

"கவர்கூடப் பிரிக்கலையே டீச்சர். புதுசை எதுக்குச் சோதிக்கணும்? ஒரு நாள் போயிருமே."

அவள் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

சோதனைக்கென்றே மேஜையில் ஒரு பழைய மதர்போர்டு இருந்தது. அதன் நாலு ஸ்லாட்டிலும் நாலு ரேமையும் செருகினார். சோதனை ஓடிய இருபதாவது நிமிடம் திரையில் எரர் என்று சிவப்பு வரிகள் விழுந்தன.

செபத்தியான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பீரோவுலயே கெட்டுப்போச்சே! அவகிட்ட என்னன்னு சொல்வேன்?"

"எது கெட்டுச்சு?"

"தெரியலை."

"அப்போ தெரிஞ்சுக்கிட்டு வருத்தப்படுங்க."

ஒவ்வொன்றாகச் சோதித்தார், அது அது இருந்த இடத்திலேயே. ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். முதல் மூன்றும் சுத்தம். நாலாவதைப் போட்டதும் மறுபடி சிவப்பு.

"இதுதான்" என்று மார்க்கரை எடுத்தார், பெருக்கல் குறி போட.

இளவேனில் மார்க்கரை வாங்கிக்கொண்டாள். அதே ரேமைக் கழற்றி முதல் ஸ்லாட்டில் செருகினாள். இருவரும் டீ குடித்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரையில் ஒரு எரர்கூட இல்லை.

பிறகு, சுத்தம் என்று தேறிய ஒரு ரேமை நாலாவது ஸ்லாட்டில் போட்டாள். சிவப்பு.

"டீச்சர்... ரேம் நாலும் நல்லது!"

"ஆமா."

அவள் தன் மதர்போர்டின் நாலாவது ஸ்லாட்டுக்கு மேலே மார்க்கரால் பெருக்கல் குறி போட்டாள்.

வியாழக்கிழமை செபத்தியானே புதுக் கம்ப்யூட்டரை முழுதாகப் பூட்டினார். இளவேனில் கை வைக்கவில்லை. பவர் பட்டனை அழுத்தியதும் நாலு ரேமும் கணக்கில் வந்தன. மத்தியானமே ரோஸ்மேரி வேலையில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு ரோஸ்மேரியிடமிருந்து போன் வந்தது.

"போயிருச்சு இளவேனில்! ஒரு தும்பிகூடத் திக்காம பறந்து போயிருச்சு!"

"நல்லா வரும் மதினி!" என்று அவளும் கத்தினாள்.

செபத்தியான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். எதிர் ஜவுளிக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் இளவேனில் மேஜையின் கீழ் டிராயரை இழுத்தாள். உள்ளே ஒன்பது ரேம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருந்தன.

"என்ன டீச்சர் இது?"

"கெட்டுப்போச்சு, வேற வாங்குங்கன்னு நான் சொல்லி, கஸ்டமருங்க விட்டுட்டுப் போனது. எல்லாம் அந்த நாலாவது ஸ்லாட்டுல பாத்தது."

இரண்டு நாள் அவற்றை முதல் ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தார்கள். ஏழு சுத்தமாகத் தேறின. ஏழாவது தேறியபோது செபத்தியான் தன்னையறியாமல் கை தட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது.

இளவேனில் போனை எடுத்துவிட்டிருந்தாள்.

"டீச்சர், தப்பு நம்ம மேலதான்னு நாமளே கூப்பிட்டுச் சொன்னா, கடைப் பேரு என்னாகும்?"

"அதையும் ஒருக்கா சோதிச்சுப் பாத்திருவோம் அண்ணாச்சி. முதல் நம்பரை வாசிங்க."