காற்று வீசியவர்களைப் பூவுக்கு அனுப்பிய தேன்கூடு

ஓடைக்கரை மருதமரப் பொந்தில் தேனீக்கள் ஐந்து அடைகள் கட்டி வாழ்ந்தன. பெரும்பாலானவை தேன் தேடிப் பறந்தன. சில, ஓடையிலிருந்து நீர் கொண்டுவந்து அடைகளின் மேல் தெளித்தன. இருபது தேனீக்கள் மட்டும் வாசலில் தலை தாழ்த்தி நின்று, சிறகடித்து உள்ளே காற்று வீசின.

தேன் சேர்ப்பவர்களின் தலைவி மின்னி. போன மழைக்காலத்தில் தேன் தீர்ந்து, கூட்டில் பாதிப் பேர் பட்டினியால் இறந்தார்கள். அவள் தங்கைகளும் அதில் போனார்கள். இனி அப்படி நடக்கக்கூடாது என்பதே அவள் நினைப்பு.

மாசி மாதத்தில் ஒரு காலை, அவள் வாசலில் நின்றாள்.

"சருகியக்கா! விடிந்ததிலிருந்து சிறகடிக்கிறாய். ஓர் அங்குலம்கூட நகரவில்லையே!"

"நகர்ந்தால் காற்று நின்றுவிடுமே, அம்மா!" என்றாள் சருகி. அவள் சிறகோரம் கிழிந்திருந்தது.

"நிற்கட்டுமே! காற்றையா குடிக்கிறோம்? தின்பது தேன். நீங்கள் இருபது பேரும் ஒரு துளி கொண்டுவந்ததுண்டா? தண்ணீர் சுமப்பவர்களும் அப்படித்தான்!"

குஞ்சுகளுக்கு உணவூட்டும் பஞ்சி பதறி வந்தாள். "கடைசி அடையில் முந்நூறு குஞ்சுகள் இருக்கின்றன, மின்னி. சூடு ஏறினால் என்ன செய்வது?"

"சூடா? குளிரில் எனக்குச் சிறகு விறைக்கிறது! நீ வேறு!"

ராணி யோசித்தாள். பட்டினி அவளுக்கும் நினைவிருந்தது. "சரி, எல்லோரும் பூவுக்குப் போங்கள்" என்றாள்.

அன்றிலிருந்து வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. நீரும் வரவில்லை. தேன் மளமளவென்று ஏறியது. பங்குனிக்குள் ஐந்து அடைகளும் நிறைந்து கனத்தன.

"பார்த்தாயா, பஞ்சி! ஒரு கூடுதல் ஆள்கூட இல்லாமல் இரட்டிப்புத் தேன்!"

"பார்த்தேன். சருகியக்கா எங்கே?"

கிழிந்த சிறகோடு தூரத்துப் புங்கமரத்துக்குப் போன சருகி திரும்பவில்லை. மின்னி வருந்தினாள். ஆனால் வாசலில் வேறு யாரையும் நிறுத்தவில்லை.

சித்திரை பிறந்தது. ஒரு நண்பகல், காற்றே இல்லை. ராணியும் பஞ்சியும் தவிர எல்லோரும் புங்கம்பூவுக்குப் போயிருந்தார்கள். பொந்துக்குள் அனல் ஏறியது. மெழுகு இளகி, அடைகள் தேன் கனத்தில் மெல்லத் தொய்ந்தன.

பஞ்சி வாசலுக்கு ஓடித் தலை தாழ்த்திச் சிறகடித்தாள். "யாராவது வாருங்கள்! தண்ணீர்! தண்ணீர்!"

ஒரு ஜோடிச் சிறகு ஐந்து அடைகளுக்குப் போதவில்லை. மேலடை முதலில் அறுந்தது. அது விழுந்த வேகத்தில் மற்றவையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்தன.

மின்னி வயிறு நிறையத் தேனோடு திரும்பினாள். வாசல் வழியே தேன் வழிந்துகொண்டிருந்தது. முந்நூறு குஞ்சுகளும், ராணியும், பஞ்சியும் அதற்குள் மூழ்கிக் கிடந்தார்கள்.

"பஞ்சி!" என்று கூப்பிட்டாள். அடிமரத்தில் எறும்புகள் ஏறத் தொடங்கியிருந்தன.

பலன் கண்ணில் படவில்லை என்று ஒரு வேலையை நிறுத்துமுன், அது எதைத் தாங்கி நிற்கிறது என்று கேட்டறியாதவர், சேர்த்ததிலேயே மூழ்கிப்போவார்.