‘சரி’ பொத்தான் மூட்டையை இறக்கிய கதை

அந்தக் காலத்தில் கணினித் திரைக்குள் இருந்த ஜன்னல், பெட்டி, பொத்தான் எல்லாம் வாய் விட்டுப் பேசும். பேச்சுக்குக் குறைவில்லை, நடைதான் ஆமை நடை. ஏனென்றால் ஒவ்வொன்றும் முதுகில் ஒரு மூட்டை சுமந்தது. தன் நிறம், அகலம், எழுத்தின் அளவு என்று வேண்டியதும் வேண்டாததும் அதற்குள் கிடக்கும். ஒரு ஜன்னலுக்குள் பெட்டியும் பொத்தானுமாக நூறு பிள்ளைகள் என்றால், ‘எழுத்து கறுப்பு’ என்ற ஒரே சங்கதி அநேகமாக நூறு மூட்டையிலும் இருக்கும். நல்ல குடும்பம் போங்கள்!

ஒருநாள், அப்படிப்பட்ட ஒரு ஜன்னலைச் செய்த ஜெபராணி என்ற நிரலாளர் வந்து நின்றாள்.

“பாக்கிறவங்களுக்குக் கண் கூசுதாம். பின்னணி கறுப்பா, எழுத்து வெள்ளையா மாறுங்க” என்றாள்.

தாய் ஜன்னல் உடனே மாறிவிட்டாள். பிள்ளைகளோ மூட்டைக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டே இருந்தன. கறுப்பின் மேல் கறுப்பு எழுத்து, ஒன்றும் தெரியவில்லை.

“சாயங்காலத்துக்குள்ள மாறலன்னா இந்த ஜன்னலையே அழிச்சிட்டு வேற செஞ்சிருவேன்” என்று சொல்லிவிட்டு ஜெபராணி போனாள்.

“சீக்கிரம் தேடுங்கடி!” என்று தாய் கத்தினாள். அப்போது கடைக்குட்டியான ‘சரி’ பொத்தான் தன் மூட்டையை அவிழ்த்து மொத்தத்தையும் கீழே கொட்டியது.

“அடிப் பாவி! உன் நிறம் என்னன்னு கேட்டா என்னடி சொல்லுவ?”

“உன்னைக் கேப்பேம்மா. உன் நிறந்தான் என் நிறம்.”

“எனக்கே தெரியலன்னா?”

“நீ உங்கம்மாவைக் கேளு. யாருக்குமே தெரியலன்னா, எல்லாருக்கும் பொதுவாச் சொல்லி வச்ச நிறம் ஒண்ணு இருக்குல்ல?”

சொல்லி வாய் மூடுமுன் ‘சரி’யின் எழுத்து வெள்ளையாகப் பளிச்சிட்டது. அவ்வளவுதான், மற்றவையும் மூட்டைகளைத் தடதடவென்று கொட்டின. ‘நீக்கு’ பொத்தான் மட்டும் தன் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“நான் சிவப்பா இருக்கறதாலதான் ஜனங்க யோசிச்சுத் தொடுறாங்க. நானும் வெள்ளையாயிட்டா எத்தனை பேரு எழுதி வச்சது அழிஞ்சு போயிரும்!”

“அப்ப சிவப்பை மட்டும் கையில வச்சுக்கோ. கையில இருக்கறதுதான் முதல்ல. இல்லாததுக்குத்தான் அம்மா” என்றது ‘சரி’.

ஜெபராணி திரும்பி வந்தாள். நம்பிக்கையில்லாமல், “எங்க, எழுத்து மஞ்சளாகட்டும்” என்றாள். தாய் ஒரே ஒரு குரல் கொடுத்தாள். கண் இமைக்கும் நேரத்தில் வீடு முழுக்க மஞ்சள். ‘நீக்கு’ மட்டும் சிவப்பு.

“அப்பாடா! இது இப்படியே இருக்கட்டும்” என்றாள் ஜெபராணி. தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அன்று முதல்தான், நிறம் கேட்டால் பொத்தான்கள் முதலில் தம் கையைப் பார்க்கின்றன, கை வெறுமையாக இருந்தால் தாயைப் பார்க்கின்றன. வீடே நிறம் மாறினாலும் அழிக்கிற பொத்தான் மட்டும் சிவந்தே நிற்கிறது.